ஆஸ்துமா இருக்கிறவங்க ஓடலாமா? இழுப்பு வராமல் ஓட்டப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

திருச்சி மாவட்டம் மண்ணச்சநல்லூர் என்றதும் நினைவுக்கு வருவது பொன்னி அரிசியும் ரைஸ் மில்களும்தான். நெல் ஊறவைப்பது, அவிப்பது, களத்தில் காயவைப்பது, அரைப்பது என வேலை நடந்துகொண்டே இருக்கும் ஊர் இது. நெல்லோடு சேர்ந்து உமி, தவிடு, சுனை, சாம்பல் எல்லாம் காற்றில் கலக்கும். இப்படிப்பட்ட ஊரில் 35, 40 வயதில் ஒருவருக்கு இழுப்பு வரத் தொடங்கினால், வீட்டில் முதலில் சொல்லும் வார்த்தை இதுதான்: "இனிமே ஓடாதே, ஆடாதே, மாடிப்படி கூட மெதுவா ஏறு."

அக்கறையில் சொல்வதுதான். ஆனால், இதில் பாதிதான் சரி. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஓடுவது ஆபத்து. கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகும் ஓடாமலே இருப்பது, உடலை இன்னும் பலவீனமாக்கும். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக நடந்தால்கூட மூச்சு வாங்கும். ஆஸ்துமா மோசமாகிவிட்டது என்று பயந்து இன்னும் குறைவாக நடப்பார்கள். இந்தச் சுழற்சியை உடைப்பது எப்படி என்பதுதான் இந்தத் தொகுப்பு.

சுருக்கமாக:

- ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தால் பெரியவர்களும் ஓடலாம். முதலில் மருந்து, அடுத்து நடை, அதற்கு அடுத்துதான் ஓட்டம்.
- ஓட்டம் ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்ய உடலைப் பழக்கும்.
- இழுப்பு வரும்போது மட்டும் அடிக்கும் இன்ஹேலரை நம்பி ஓடக் கூடாது. அழற்சியைக் குறைக்கும் தடுப்பு மருந்து அவசியம்.
- எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பதைவிட, எந்தக் காற்றில் ஓடுகிறோம் என்பது முக்கியம்.

ஓடும்போது ஏன் இழுக்கிறது?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி. சுவர் எப்போதும் லேசாக வீங்கியிருக்கும், சீக்கிரம் எரிச்சல் அடையும். தூசி, புகை, சளி, மகரந்தம் என ஏதாவது ஒன்று தூண்டினால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், குழாய் குறுகும். 'விசில்' போன்ற சத்தம், நெஞ்சு இறுக்கம், இருமல் எல்லாம் இதனால்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில்தான் காற்றை இழுக்கிறார். வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டிப் போகலாம். மூக்கு வழியாக அவ்வளவு காற்று போதாது, வாய் திறந்துவிடும். மூக்கு செய்யும் மூன்று வேலைகள், அதாவது காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசியை வடிகட்டுவது மூன்றும் குறைந்துவிடும்.

காய்ந்த காற்று நேரடியாக உள்ளே போனதும் மூச்சுக்குழாயின் உட்சுவர் தன்னிடமுள்ள ஈரத்தை இழக்கிறது. அந்த ஈரத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லியூகோட்ரையீன் போன்ற வேதிப்பொருட்களை வெளிவிடுகின்றன. தசை இறுகுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம்' என்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவில் உச்சத்துக்குப் போவதில்லை. ஓடி முடித்து நின்ற பிறகு, 5 முதல் 15 நிமிடத்துக்குள்தான் உச்சம் தொடும். பிறகு 30 முதல் 90 நிமிடத்துக்குள் மெல்லத் தணியும். "ஓடும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இருமல் ஆரம்பிச்சுடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அது சாதாரண இருமலாக இல்லாமல் இருக்கலாம். கவனிக்க வேண்டிய அறிகுறி அது.

மூச்சு வாங்குதா, இழுக்குதா?

புதிதாக ஓடத் தொடங்கும் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அதை ஆஸ்துமா என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய. உண்மையான இழுப்பை 'ஸ்டாமினா இல்லை' என்று நினைத்துத் தொடர்ந்து ஓடுபவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள்:

- சாதாரண மூச்சு வாங்கல்: நின்றதும் 3 முதல் 5 நிமிடத்தில் தணியும். விசில் சத்தம் இருக்காது. நெஞ்சில் இறுக்கம் இருக்காது.
- ஆஸ்துமா இழுப்பு: நின்ற பிறகும் கூடும். மூச்சை வெளியே விடுவது கஷ்டமாக இருக்கும். விசில் சத்தம், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் இருக்கும். இன்ஹேலர் எடுத்தால் குறையும்.
- தொண்டைப் பிரச்சினை: மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் தொண்டையில் சத்தம் வந்து, நின்ற சில நிமிடங்களில் சரியாகி, இன்ஹேலருக்கும் மாற்றமில்லை என்றால் குரல்வளை குறுகுவது காரணமாக இருக்கலாம். இது ஆஸ்துமா அல்ல, சிகிச்சையும் வேறு.
- இதயப் பிரச்சினை: நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, தலைசுற்றல் இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை பதில் சொல்லும். ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே ஊத முடிகிறது என்று அளப்பார்கள். உடற்பயிற்சிக்கு முன் எடுத்த அளவைவிட, பயிற்சிக்குப் பின் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். நுரையீரல் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு ஆலோசனை பெறலாம். மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம் பகுதி மக்களுக்கு அருகில் இருப்பது திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. இது கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது.

ஓட்டம் எப்படி உதவுகிறது?

"ஓடினா நுரையீரல் பெரிசாகும்" என்று சொல்வது தவறு. வளர்ந்தவர்களுக்கு ஓட்டத்தால் நுரையீரல் பெரிதாவதில்லை. உடற்பயிற்சியும் ஆஸ்துமாவும் பற்றி 2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 21 ஆய்வுகளையும் 772 பேரையும் அலசியது. ஆஸ்துமா உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தாங்கிக்கொள்கிறார்கள், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது, ஆனால் ஊதும் சோதனை அளவுகளில் பெரிய மாற்றமில்லை என்பதே அதன் முடிவு.

அப்படியென்றால் என்ன லாபம்? இதயமும் கால் தசைகளும் பலப்படுவதுதான் லாபம். பயிற்சி பெற்ற தசை, அதே வேலைக்குக் குறைவான காற்றோடு சமாளிக்கும். முன்பு இரண்டு மாடி ஏற நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று தேவைப்பட்ட ஒருவருக்கு, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். மூச்சுக்குழாயில் காற்றின் வேகம் குறைகிறது, ஈரம் இழப்பதும் குறைகிறது. இழுப்பைத் தூண்டும் எல்லை கொஞ்சம் தள்ளிப் போகிறது.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ள 58 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் 2015-ல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு டிரெட்மில் பயிற்சி, வாரம் 2 முறை, 3 மாதம். டிரெட்மில் குழுவினருக்கு மூச்சுக்குழாயின் எரிச்சல் தன்மை குறைந்தது, வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. எல்லோரும் மருந்து எடுத்துக்கொண்டேதான் பயிற்சி செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. அதிக எடை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். எடை குறைந்தால் மூச்சும் இலகுவாகும்.

ஷூ வாங்கும் முன் 4 கேள்விகள்

ஓடலாமா என்று தீர்மானிக்க, கடந்த 4 வாரங்களை மனதில் வைத்து இந்த 4 கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான 'ஜினா' பயன்படுத்தும் கேள்விகள் இவை:

1. பகலில் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் இழுப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம் வந்ததா?
2. இழுப்பால் ராத்திரி ஒருமுறையாவது தூக்கம் கலைந்ததா?
3. உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்துக்கு 2 முறைக்கு மேல் எடுத்தீர்களா? ஓட்டத்துக்கு முன் எடுத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
4. ஆஸ்துமாவால் ஏதாவது வேலையைத் தவிர்த்தீர்களா?

நான்குக்கும் 'இல்லை' என்றால், ஆஸ்துமா நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மெதுவாகத் தொடங்கலாம். ஒன்று அல்லது இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் பாதிக் கட்டுப்பாடுதான். மருந்தைச் சரிசெய்துகொண்டு, அதுவரை நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று, நான்குக்கு 'ஆமாம்' என்றால் ஓட்டம் வேண்டாம். முதலில் டாக்டர்.

நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பலாமா?

ஆஸ்துமா உள்ள ஓட்டக்காரர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான். சால்பியூட்டமால் இன்ஹேலர், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். இழுப்பு போய்விடும். "இது இருக்கே, வேறெதுக்கு?" என்று தோன்றும். ஆனால் இது இறுக்கத்தை மட்டும்தான் விடுவிக்கிறது. உட்சுவரின் வீக்கம் அப்படியே இருக்கும். தினமும் இதையே எடுத்தால், ஓட்டத்தின்போது அது தரும் பாதுகாப்பும் போகப்போகக் குறையும்.

வீக்கத்தைக் குறைப்பது புடிசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள். 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டதும் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையாக எடுக்கும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் அளவு, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண், குரல் கம்முதல் பெரிதும் குறையும்.

2019-ல் 'ஜினா' தனது பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கு நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டாம் என்று சொன்னது. லேசான ஆஸ்துமா என்றாலும் ஸ்டீராய்டு கலந்த மருந்து ஏதாவது ஒரு வடிவில் இருக்க வேண்டும். 200 டோஸ் கொண்ட நிவாரண இன்ஹேலர் ஒரு வருடத்தில் 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால், கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

இந்தியாவில் இது உயிர்ப் பிரச்சினை. நாட்டில் சுமார் 3.5 கோடி பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் இது 13 சதவீதம் அளவுதான். ஆனால் உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சரியாக, தொடர்ந்து எடுக்காததே இதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் புடிசோனைடும் சால்பியூட்டமாலும் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பவை.

ஓடுவதற்கு முன் மருந்து எப்படி எடுக்கலாம்? ஓட்டத்தால் இழுப்பு வருபவர்களுக்கு, ஓடுவதற்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு நிவாரண மருந்து எடுக்கச் சொல்வது வழக்கம். புடிசோனைடு–ஃபார்மோட்டெரால் சேர்ந்த இன்ஹேலரையே ஓட்டத்துக்கு முன்பும் எடுக்கும் முறையும் இருக்கிறது. யாருக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை வாரம் ஆனாலும் ஓட்டத்துக்கு முன் மருந்து இல்லாமல் முடியவில்லை என்றால், தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

வார்ம்-அப்: விடவே கூடாதது

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வார்ம்-அப்பால் மூச்சுக்குழாய்க்கே நேரடிப் பலன் உண்டு. லேசான, விட்டுவிட்டுச் செய்யும் முயற்சிக்குப் பிறகு, ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் சுருங்காது.

செய்ய வேண்டியது இதுதான். 5 நிமிடம் சாதாரண நடை. பிறகு 20, 30 விநாடி கொஞ்சம் வேகமாக ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படி 5, 6 முறை. அதன் பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். முடிக்கும்போதும் சட்டென்று நிற்கக் கூடாது. 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து முடிக்க வேண்டும்.

12 வாரத் திட்டம்

வாரத்துக்கு 3 அல்லது 4 நாள். இடையில் ஒரு நாள் ஓய்வு. வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம், வாய் போதும். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

- 1, 2-ம் வாரம்: 20 முதல் 30 நிமிடம் வேக நடை மட்டும்.
- 3, 4-ம் வாரம்: 1 நிமிடம் மெது ஓட்டம், 2 நிமிடம் நடை. 8 முறை.
- 5, 6-ம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 6 முறை.
- 7, 8-ம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 4 முறை.
- 9, 10-ம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 3 முறை.
- 11, 12-ம் வாரம்: 20 நிமிடம் தொடர் மெது ஓட்டம். முடிந்தால் 25.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். சளி, காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு, முழுக்கச் சரியான பிறகு இரண்டு படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வைரஸ் சளிதான் ஆஸ்துமாவைக் கிளப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்று. "லேசான சளிதானே" என்று ஓடுவது வேண்டாம்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு அல்லது 75 நிமிடம் கடினமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. ஓட்டம் ஒத்துவராதவர்கள் வேக நடையிலேயே இந்தக் கணக்கை எட்டலாம். தமிழக அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நடையிலிருந்து தொடங்க நினைப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

எங்கே, எப்போது ஓடலாம்?

மண்ணச்சநல்லூர் போன்ற ஊரில் இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்றை இழுக்கும்போது உள்ளே போகும் தூசி, 60 லிட்டர் இழுக்கும்போது பத்து மடங்காகிறது.

ரோடு: திருச்சி–துறையூர் சாலையில் நெல் லாரியும் பஸ்ஸும் ஓயாது. நம்பர் 1 டோல்கேட் பக்கம் கேட்கவே வேண்டாம். பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயல்வெளிப் பாதை, வாய்க்கால் கரை, பள்ளி மைதானம் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆலை இருக்கும் பக்கம் என்றால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து, புகைபோக்கிக்கும் உமிக் குவியலுக்கும் எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். திருச்சி நகருக்குள் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது.

மார்கழி, தை: அதிகாலைப் பனியில் புகையும் தூசியும் மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். குப்பை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும். "காலை 5 மணி காத்து சுத்தமான காத்து" என்பது இந்த மாதங்களில் எப்போதும் உண்மையல்ல. வெயில் ஏறி, பனி விலகிய பிறகு ஓடலாம். குளிர்ந்த காலையில் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு ஓடினால், உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடும் ஈரமும் பெறும். போகி, தீபாவளி நாட்களில் வெளியே ஓட்டம் வேண்டாம்.

பங்குனி முதல் ஆனி வரை: வெயில்தான் எதிரி. காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. உடலில் நீர்ச்சத்து குறைந்தால் சளியும் கெட்டிப்படும். தண்ணீரும் மோரும் துணை.

ஆடி: காற்றோடு மண்ணும் வரும். காற்று பலமாக அடிக்கும் நாளில் வீட்டுக்குள் படி ஏறி இறங்குவது, ஒரே இடத்தில் நின்று ஓடுவது போன்ற பயிற்சி போதும்.

செடிகள்: சீமைக்கருவேலம், பார்த்தீனியம் ஆகியவற்றின் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். இவை அடர்ந்திருக்கும் ஆற்றங்கரை, தரிசு நிலப் பாதைகளில் பூக்கும் காலத்தில் தும்மல், கண் அரிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பாதையை மாற்றுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டை 'சமீர்' செயலியில் பார்க்கலாம். அந்தக் குறியீடு 100-ஐத் தாண்டினாலே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரலாம் என்கிறது வாரியம். 200-ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம். எல்லா ஊரிலும் அளவிடும் நிலையம் கிடையாது. அதனால் கண்ணும் மூக்கும் சொல்வதையும் கேட்க வேண்டும்.

ரைஸ் மில்லில் வேலை செய்பவர்களுக்கு

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குப் பணியிடச் சூழலுக்குத் தொடர்பு உண்டு என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2019-ல் மதிப்பிட்டன. தானியத் தூசி அதில் பழைய, நன்கு தெரிந்த காரணம். ஆலைத் தொழிலாளர்கள், களத்தில் நெல் கிளறும் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள், லாரியில் லோடு ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. லீவு நாளிலும் வெளியூர் போன நாளிலும் மூச்சு நன்றாக இருந்து, வேலைக்குத் திரும்பியதும் கெடுகிறதா? அப்படியென்றால் வேலைக்கும் இழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் வேலை நாட்களிலும் லீவு நாட்களிலும் காலை, மாலை ஊதி, அளவை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

இப்படிப்பட்டவர்களுக்கு ஓட்டப் பயிற்சி மட்டும் விடை ஆகாது. 8 மணி நேரம் தூசியில் நின்றுவிட்டு 30 நிமிடம் ஓடினால் கணக்கு நேராகாது. தூசி உறிஞ்சும் வசதி, சரியாகப் பொருந்தும் முகக்கவசம், தூசி குறைவான பிரிவுக்கு மாறுவது போன்றவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். வேலை முடிந்த கையோடு ஓடாமல், குளித்து உடை மாற்றிய பிறகு, அல்லது லீவு நாளில் ஓடுவது மேல்.

ஓடும்போது இழுப்பு வந்துவிட்டால்?

- உடனே நில்லுங்கள். "இன்னும் ஒரு ரவுண்டு" வேண்டாம்.
- நிமிர்ந்து உட்காருங்கள். படுக்கக் கூடாது. இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள்.
- சால்பியூட்டமால் இன்ஹேலர் என்றால் 30 முதல் 60 விநாடிக்கு ஒரு பஃப், முடிந்தால் ஸ்பேசர் வைத்து எடுங்கள். அதிகபட்சம் 10 பஃப் வரை. வேறு இன்ஹேலர் என்றால் டாக்டர் எழுதித் தந்த அளவு.
- குறைந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. நடந்தே வீடு திரும்புங்கள், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.
- வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, மயக்கம் வருகிறது, மருந்துக்குக் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. ஓடும்போது பாக்கெட்டில் இருக்க வேண்டும். சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதே விதிதான். கூட வருபவர் ஒருவருக்காவது உங்களுக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்துமாவோடு ஓடியவர்கள்

இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃபுக்குச் சிறுவயதிலேயே உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா கண்டுபிடிக்கப்பட்டது. 2003-ல் லண்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி அவர் படைத்த பெண்கள் உலக சாதனை, 2019 வரை 16 ஆண்டுகள் நின்றது. ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்ற அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்கும் ஆஸ்துமா உண்டு. ஒலிம்பிக் வீரர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசியின் கதையும் கவனிக்க வேண்டியது. அப்போதைய மாரத்தான் உலக சாதனையாளரான அவர், 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட மறுத்தார். காற்று மாசு தனது ஆஸ்துமாவுக்கு ஆகாது என்பதே காரணம். 10,000 மீட்டர் மட்டும் ஓடி 6-வது இடம் பிடித்தார். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரரே கெட்ட காற்றில் ஓட வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்றால், மற்றவர்கள் ஒரு நாள் ஓடாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

மூச்சுப் பயிற்சி செய்தால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?
கூடாது. பிராணாயாமம், மூச்சுப் பயிற்சி சிலருக்கு அறிகுறிகளைக் குறைக்கும், பதற்றத்தைத் தணிக்கும். அழற்சிக்கு அது மருந்தாகாது. ஓட்டமும் அப்படித்தான். நன்றாக இருக்கும்போது மருந்தைக் குறைப்பதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

முட்டி வலிக்கு மாத்திரை போடலாமா?
கவனம் தேவை. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கடும் இழுப்பைக் கிளப்பும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாமல், ஆஸ்துமா இருப்பதைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ஓட்டப் போட்டியில் கலந்துகொண்டால் இன்ஹேலர் ஊக்கமருந்து ஆகுமா?
வழக்கமான அளவில் ஆகாது. இன்ஹேலர் வழியாக எடுக்கும் சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. பொதுவாக ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம்.

ஓட்டமே ஒத்துவரவில்லை என்றால்?
வேக நடை, சைக்கிள், நீச்சல் என வழிகள் நிறைய. நீச்சல்குளத்தின் ஈரக் காற்று பலருக்கு இதமாக இருக்கும். குளோரின் வாடை சிலருக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. 12 வாரம் கழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று பார்ப்பதற்கு முன், மேலே உள்ள 4 கேள்விகளை மறுபடி கேட்டுப் பாருங்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறீர்களா, நிவாரண இன்ஹேலர் மெதுவாகத் தீர்கிறதா, மாடிப்படி ஏறும்போது பேச முடிகிறதா? பதில் 'ஆமாம்' என்றால் ஓட்டமும் மருந்தும் சேர்ந்து வேலை செய்கின்றன. 'இல்லை' என்றால் தூரத்தைக் கூட்ட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எதுவானாலும் மருத்துவரின் ஆலோசனை பெற்றே செய்ய வேண்டும்.)